பதினான்காம் வீட்டுப் பூஜ்யம்

ஞானசம்பந்தம் எங்கள் ஊருக்கு வந்தபோது என் மனைவி சொர்ணவல்லி இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. 1934, தை மாதம். அவன் துக்கம் விசாரிக்க வரவில்லை. அவள் இறந்தது அவனுக்குத் தெரியாது. சர்வகலாசாலை அனுப்பி வந்தான்.

திருச்சிராப்பள்ளியில் பி.ஏ. வகுப்பில் இருவரும் ஒரே பெஞ்சு. விலங்கியலில் நான் முதல், அவன் இரண்டாவது. ஆராய்ச்சிக்கு ஒரே ஓர் இடம் இருந்தது. இருவரும் மனுப் போட்டோம். எனக்குக் கிடைத்தது. அந்த மாதம் அப்பா இறந்தார். நிலத்தைப் பார்க்க ஊருக்கு வந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை கிடைத்தது. நான் விட்ட இடத்துக்கு அவன் போனான். இதில் யார் மேலும் தப்பில்லை. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையார்பட்டியிலிருந்து இரண்டு மைல் எங்கள் ஊர். அறுபத்திரண்டு வீடு. குடிக்க ஓர் ஊருணி. ஊருணிக் கரையில் ஐயனார் கோயில். கோடையில் தண்ணீர் அடியில் போய்விடும். கரையோரம் கலங்கலாக இருக்கும் என்பதால் முழங்கால் ஆழம் இறங்கித்தான் குடத்தை முக்குவார்கள். அந்தத் தண்ணீரிலிருந்துதான் நரம்புச்சிலந்தி வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலில் ஒரு கொப்புளம் எழும். தீ வைத்தது போல எரியும். கொப்புளம் உடைந்ததும் நூல் போல வெள்ளைப் புழு தலை நீட்டும். முழ நீளத்துக்கு மேல் இருக்கும். இழுத்தால் அறுந்து கால் சீழ் பிடிக்கும். ஓர் ஈர்க்குச்சியில் தினம் ஓர் அங்குலமாகச் சுற்றி எடுக்க வேண்டும். மூன்று வாரம் ஆகும். அதுவரை உழவு இல்லை, நடவு இல்லை. எரிச்சல் தாளாமல் காலைத் தண்ணீரில் வைப்பார்கள். அப்போது புழு குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். தண்ணீரில் கண்ணுக்குப் பொடியாகத் தெரிகிற ஒரு பூச்சி உண்டு. அது குஞ்சுகளைத் தின்னும். தண்ணீரோடு அந்தப் பூச்சியைக் குடித்தவனுக்கு ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் எழும்.

சர்வகலாசாலையின் யோசனை எளியது. ஒரு வகைக் கெண்டைக் குஞ்சு அந்தப் பூச்சியைத் தின்னும். ஊருணியில் கெண்டையை விடுவது. மாதம் ஒரு முறை ஒரு குடம் தண்ணீரை வடிகட்டிப் பூச்சியை எண்ணுவது. எண்ணிக்கை குறைந்தால், ஊருணியைச் சுற்றிச் சுவர் எழுப்பி யாரும் இறங்காமல் கப்பி போட்டு இறைக்கும்படி செய்வது. சுவருக்குப் பாதிச் செலவு சர்வகலாசாலை தரும். கல்லும் ஆள்வேலையும் ஊர் தரவேண்டும். எண்ணிக்கை குறையாவிட்டால் வேறு ஊரைப் பார்த்துப் போய்விடுவார்கள். ஆனி ஐந்தாம் தேதி பேராசிரியர் வந்து எண்ணிப் பார்ப்பார்.

இதையெல்லாம் கோயில் வாசலில் ஊர்க்கூட்டத்தில் சம்பந்தம் சொன்னான். அவன் மாயவரத்துப் பேச்சு பாதிப் பேருக்கு எட்டவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். ஊர்த் தலைவர் ஆண்டியப்ப அம்பலம் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மருதுதான் எழுந்தான். அதற்கு முந்தின கோடையில் இரண்டு காலிலும் புழு வந்து அவன் வயல் தரிசாகக் கிடந்தது.

“மீன விடுறீக, சரி. காவலுக்கு யாரு? எங்க மாமன் மச்சினனெல்லாம் அடுத்த ஊருலதே இருக்கான். விட்ட மறுநாளே குழம்பு வச்சிருவான்.”

கூட்டம் சிரித்தது. சம்பந்தம் விழித்தான். நான் சொன்னேன், ஐயனாருக்கு நேர்ந்து விட்டால் யாரும் தொடமாட்டார்கள் என்று. அம்பலம் அப்படியே செய்வோம் என்றார். மீன் வந்த அன்று ஈரத்துணி மூடிய பானைகளைக் கோயிலில் வைத்துச் சூடம் காட்டி, பிறகுதான் தண்ணீரில் விட்டோம். சம்பந்தம் சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதத்தைப் படித்தேன். ‘ஊராரே முன்வந்து மீன்களைக் காப்பதாக ஏற்றுக்கொண்டனர்’ என்று இருந்தது. நல்ல வாக்கியம். அதில் நான் இல்லை.

ஊரில் செட்டியார் வீடு ஒன்று உண்டு. வீட்டார் ரங்கூனில் இருந்தார்கள். காவல்காரர் முகப்பு அறையைத் திறந்துவிட்டார். சம்பந்தம் அங்கே மைக்ராஸ்கோப்பை வைத்தான். மறுநாளே பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். என் பள்ளிக்கூடத்துக்குப் பெண் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி மூன்று வருஷமாக நடந்தவன் நான். ஒரு தாயும் வாசல் வரை வந்ததில்லை. இவனிடம் வந்து ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார்கள்.

எங்கள் அடுத்த வீட்டுக் கருப்பி பார்த்துவிட்டு நிமிர்ந்து, “இம்புட்டுப் பெருசா இருந்தா கறி வச்சே தின்னுப்புடலாமே” என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு. நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கருப்பி முந்தானையைச் சரி செய்துகொண்டாள். யாரோ மழை பற்றி ஏதோ சொன்னார்கள்.

எட்டு மாதமாக அப்படித்தான். பெண்டாட்டி செத்தவன் முன்னால் யாரும் சிரிப்பதில்லை. அவள் பெயரைச் சொல்வதும் இல்லை. சொன்னால் எனக்கு வலிக்கும் என்று நினைத்தார்கள். எனக்கு எதுவும் வலிக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஊருணிக் கரையில் போய் உட்காருவேன். பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குப் போவேன். அம்மா சோறு போடுவாள். சாப்பிடுவேன். அவ்வளவுதான்.

சம்பந்தம் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இலக்கம், போன வருஷம் எத்தனை பேருக்குப் புழு, எங்கே தண்ணீர் எடுக்கிறார்கள், எப்படிக் குடிக்கிறார்கள். என் வீடு பதினான்கு. என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டான். போன வருஷம் யாருக்காவது வந்ததா? இல்லை என்றேன். பூஜ்யம் என்று எழுதினான். கருப்பி வீடு பதினைந்து. அதற்கும் பூஜ்யம். கருப்பியின் புருஷன் பர்மாவில் ஒரு கடையில் சமையல்காரன். இங்கே அவளும் மாமியாரும்தான். மற்ற அறுபது வீட்டிலும் ஒன்று, இரண்டு, மூன்று. அம்பலத்தின் வீட்டில் ஐந்து.

மாசியில் சம்பந்தம் என்னிடம் நோட்டைக் கொடுத்து, அட்டவணையை நல்ல பிரதியாக எழுதித் தரச் சொன்னான். என் கையெழுத்து அவனுடையதைவிட நன்றாக இருக்கும். கல்லூரியிலும் அப்படித்தான். பதினைந்தாம் வீட்டுக்கு வந்தேன். குறிப்பு என்ற பத்தியில், பொடி எழுத்தில், அவன் எழுதியிருந்தான்:

‘இரட்டைத் துணியில் வடிகட்டிக் குடிக்கிறார்கள். பழக்கியவர்: வீடு 14, சொர்ணவல்லி (காலஞ்சென்றவர்). தம் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தாராம். கருப்பி சொன்னது, அவள் வார்த்தையிலேயே: எங்க வீட்டுக்காரரு ஒரு நா கண்ணாடிக் கிளாசுல தண்ணிய வெளிச்சத்துக்குத் தூக்கிக் காட்டுனாரு, உள்ள பூச்சி குதிச்சிச்சு, அதுலருந்து அவருக்கு வெறுந்தண்ணி குடுக்க எனக்குக் கையே வரலடி, அப்படின்னு சொர்ணம் சொல்லும்.’

மூன்று முறை படித்தேன். கிளாஸ் நினைவுக்கு வந்தது. கல்யாணமான புதிது. கல்லூரி விடுமுறை. படித்தவன் என்று காட்டிக்கொள்ள அதைச் செய்தேன். அவள் முகத்தைச் சுளித்தாள். நான் சிரித்துவிட்டுத் தண்ணீரைக் குடித்துவிட்டேன். பிறகு அதை மறந்தேன். பானையின் வாயில் ஒரு துணி கட்டியிருக்கும். தூசிக்கு என்று நினைத்திருந்தேன். நான்கு வருஷம் அந்தத் துணி வழியாகத் தண்ணீர் குடித்திருக்கிறேன்.

இந்த வாக்கியம் என்னுடையது. அவள் என்னைப் பற்றிச் சொன்னது. எனக்கு வராமல் கருப்பிக்குப் போய், கருப்பியிடமிருந்து மாயவரத்துக்காரன் நோட்டுக்குப் போயிருந்தது. அவளை அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

அன்று மாலை சம்பந்தம் சொன்னான், “உன் வீட்டம்மா பெரிய ஆளா இருந்திருக்காங்கடா சங்கரா. மைக்ராஸ்கோப் இல்லாமலே வேலையை முடிச்சுட்டாங்க. உனக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்குமே.”

ஆமாம் என்றேன்.

வேறு என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அவன் உற்சாகமாகச் சொன்னான். அவள் குளிக்கும்போது பாடுவாளாம். அம்பலத்தின் மனைவி நடப்பதை நடந்து காட்டுவாளாம். தேவகோட்டைச் சந்தைக்குப் போய் வழி தெரியாமல் திரும்பி வந்ததை ஒரு வருஷம் கதையாகச் சொன்னாளாம். எனக்குத் தெரிந்த சொர்ணவல்லி பாடியதில்லை. என் முன்னால் சத்தமாகக்கூடச் சிரித்ததில்லை. அவன் சொல்லிக்கொண்டே போனான். என் ஒன்பது மாத மரப்பு அப்போதுதான் விலகியது. உள்ளே துக்கம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருந்தது பொறாமை. கெட்டியாக, உயிரோடு.

துணியைப் பற்றி அவன் எல்லா வீட்டிலும் சொன்னான். சிலர் கட்டினார்கள். பெரும்பாலோர் வீட்டில் பெண்ணுக்கு இரண்டே சேலை. கிழிக்க எது மிச்சம்? வயலில் குனிந்து கையால் அள்ளிக் குடிக்கிறவனுக்குத் துணி எதற்கு ஆகும்? மீனும் சுவரும்தான் வழி என்றான் சம்பந்தம். அது சரிதான்.

மாசிக் கடைசியில் எண்ணினான். குடத்துக்கு முப்பத்தெட்டு பூச்சி. பங்குனியில் நாற்பத்தொன்று. சித்திரையில் நாற்பது. மீன்கள் மட்டும் கொழுத்து வளர்ந்தன.

காரணம் எனக்குத் தெரியும். பங்குனி முதலே தெரியும்.

அவன் ஊருணிக்கு வருவது காலையில். மாலையில் அறையில் உட்கார்ந்து எழுதுவான். நான் மாலையில் கரையில் இருப்பேன். ஐயனாருக்கு நேர்ந்த மீன் என்றானபின் ஊர் சும்மா இருக்குமா? மரு உதிர வேண்டுமென்று பொரியும் வெல்லமும் போட்டார்கள். பிள்ளை காய்ச்சல் தீர வேண்டுமென்று போட்டார்கள். பர்மாவிலிருந்து கடிதம் வர வேண்டுமென்று கருப்பியும் போட்டாள். வெள்ளிக்கிழமை என்றால் படியோரம் தண்ணீர் வெள்ளையாக மிதக்கும். நாளுக்கு இரண்டு வேளை பொரி தின்கிற மீன் கண்ணுக்குப் பொடியான பூச்சியைத் தேடிப் போகுமா? யாரும் இதை மறைக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். சொல்ல வேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். என் மனைவி குளிக்கும்போது பாடியது வரை கேட்டறிந்தவனுக்கு இதைக் கேட்கத் தெரியவில்லை.

அது எனக்குத் திருப்தியாக இருந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

சித்திரை எண்ணிக்கைக்குப் பிறகு அவன் கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். எங்கே பிசகியது என்று தெரியவில்லை என்றான். பேராசிரியர் இந்த ஊரைக் கைவிட்டுவிடுவார் என்றான். பிறகு கேட்டான், “நீ தினம் இங்கேதானே உட்கார்ந்திருக்கே. ஏதாவது பார்த்தியா?”

“ஒன்றும் பார்க்கவில்லை” என்றேன்.

வைகாசியில் சொர்ணவல்லிக்கு முதல் வருஷத் திதி வந்தது. திதி முடிந்து நான்காம் நாள் என் வலது கணுக்காலுக்கு மேலே ஒரு கொப்புளம் எழுந்தது.

முதலில் செருப்புக் கடித்தது என்று நினைத்தேன். மறுநாள் அடுப்பில் வைத்தது போல எரிந்தது. அப்போது புரிந்தது. அம்மாவிடம் பானைத் துணியைப் பற்றிக் கேட்டேன். அம்மா யோசித்தாள். “அது அவ சேலதானப்பா. பதினாறாம் நா அவ துணிமணியெல்லாம் வண்ணாத்திட்டக் குடுத்தப்ப அதையுஞ் சேத்துக் குடுத்துட்டேன். செத்தவ துணிய வீட்டுல வைக்கலாமா?” என்றாள்.

வைக்கக் கூடாது. எல்லோர் வீட்டிலும் அப்படித்தான் கொடுப்பார்கள். துணி போனது. அன்றைக்கே வெறும் தண்ணீர் குடிக்கத் தொடங்கினேன். வருஷம் ஒன்று. புழு சொன்ன நாளில் வந்துவிட்டது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டியைத் தழையக் கட்டிக்கொண்டேன். சம்பந்தத்தின் நோட்டில் என் வீட்டுக்கு நேரே இருந்த பூஜ்யம் அவளுடையது. ஊரில் யாருக்கும் தெரியாமல், எனக்கே தெரியாமல், அவள் நான்கு வருஷம் கட்டிக் காத்த பூஜ்யம். அதை அடித்துவிட்டு ஒன்று என்று அவன் எழுதுவான். அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அடுத்த வீட்டில் அவள் சேலைத் துண்டு இன்னும் பானையில் கட்டிக் கிடந்தது. அந்த வீட்டுப் பூஜ்யம் அப்படியே இருக்கும். கருப்பி மேலும் பொறாமையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. உச்சி வெயில். எரிச்சல் தாளவில்லை. கால் தானாக ஊருணிக்கு நடந்தது. படியில் யாரும் இல்லை. என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். கொப்புளத்தைத் தண்ணீரில் வைத்தால் ஆயிரக்கணக்கில் குஞ்சு இறங்கும். அதைப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்தவன் நான். கடைசிப் படியில் உட்கார்ந்து வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றினேன். தண்ணீர் ஒரு சாண் கீழே இருந்தது.

என் நிழல் விழுந்ததும் மீன்கள் வந்துவிட்டன. நூறு, இருநூறு. வாயைத் திறந்து திறந்து மூடின. பொரிக்கு.

“கால எடுங்க தம்பி.”

பின்னால் கருப்பி. இடுப்பில் வெறுங்குடம். என் காலைப் பார்த்துவிட்டாள்.

“இன்னும் வைக்கலை” என்றேன்.

“அதே பாத்தேன். எடுங்க. மேல வந்து உக்காருங்க.” நான் ஏறினேன். அவள் குடத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் என் காலையே பார்த்தாள். “ஒங்க வீட்டுக்கா வந்துருக்கு? அந்தத் துணி எங்க போச்சு?”

சொன்னேன்.

அவள் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. உதட்டை மட்டும் கடித்தாள். “எங்கிட்ட இருக்கிறதும் அவ சேலதே. வேணுமானா பாதி கிழிச்சுத் தாரேன். அவ இருக்கையில குடுத்தது, தீட்டில்ல.”

“இதையெல்லாம் என்னிடம் ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?”

“நீங்க கேக்கலயே. அந்த ஐயா கேட்டாக, சொன்னோம்.” குடத்தை எடுத்தாள். பிறகு திரும்பி, “நீங்க இங்குட்டு வந்தாலே நாங்க வாயப் பொத்திக்கிறுவோம். ஒங்க மூஞ்சி அப்படி. அவளப் பத்திப் பேசாம எங்களுக்கு மட்டும் நல்லா இருக்காக்கும்?” என்றாள்.

அவள் முழங்கால் ஆழம் இறங்கிக் குடத்தை முக்கினாள். மீன்கள் அவளைச் சுற்றின. மடியிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துத் தூவினாள். என் எதிரிலேயே. அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. வீட்டில் வடிகட்டுகிற துணியும் ஐயனார் மீனும் அவளுக்கு வேறு வேறு காரியம். இரண்டும் ஒன்றென்று தெரிந்தவன் ஊரில் நான் ஒருவன்தான்.

நேரே செட்டியார் வீட்டுக்குப் போனேன். சம்பந்தம் எழுதிக்கொண்டிருந்தான். நின்றபடியே இரண்டையும் சொன்னேன். பொரியை முதலில். காலைப் பிறகு.

அவன் பேனாவை வைத்துவிட்டு முதலில் காலைப் பார்த்தான். வெந்நீர் வைத்தான், மருந்துப் பெட்டியைத் திறந்தான், கட்டுப் போட்டான். அவன் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். கட்டின் முடிச்சைப் போட்டபடி, குனிந்த தலையோடு கேட்டான்.

“எப்பலேர்ந்து தெரியும்?”

“பங்குனி.”

“ஏண்டா?”

நான் வேட்டியைக் கீழே இறக்கிவிட்டேன். அவன் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பேராசிரியர் வர இருபது நாள் இருந்தது. பத்து நாள் பட்டினி போட்டால் மீன் பூச்சியைத் தின்னும் என்றான். ஆனால் நேர்த்திக்கடனை நிறுத்து என்று எந்த வாயால் சொல்வது? அவனால் முடியாது. மேலதிகாரி போல ஓர் உத்தரவு போட்டால் ஒளிந்து போடுவார்கள். அதற்கு வழி எனக்குத் தெரிந்திருந்தது. அவனுக்குத் தெரியாதது என்று ஒன்றாவது என்னிடம் மிச்சம் இருந்தது.

ஆனியில் எங்கள் ஐயனாருக்குப் புரவி எடுப்பு, மண் குதிரைகளைத் தூக்கிப்போய்க் கோயிலில் வைக்கிற திருவிழா. குதிரை செய்யக் குயவர் வேளாரிடம் பிடிமண் கொடுத்தாயிற்று. எடுப்புக்கு எட்டு நாள் முன்னால் ஊருக்குக் காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டினால் ஊரில் எந்த அடுப்பிலும் வறுக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது. ஊரே உப்புச்சாறும் அவித்ததுமாகக் கிடக்கும். பொரி கிடையாது. மழை பொய்த்த வருஷங்களில் எட்டு நாள் காப்பைப் பதினைந்து நாளாகக் கட்டியதுண்டு.

மறுநாள் காலை கோயில் வாசலில் அம்பலத்திடம் கேட்டேன். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். இந்த வருஷமும் பதினைந்து நாள் கட்டவேண்டும், நாளை மறுநாளே கட்டவேண்டும் என்றேன். ஐயனார் மீனும் காப்பில் சேர்த்தி, அதற்கும் யாரும் எதுவும் போடக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டார். மீன் பசித்தால்தான் பூச்சியைத் தின்னும் என்று சொன்னேன். பொரியால் நான்கு மாதம் வீணாகிவிட்டது என்று சொன்னேன்.

மருது சிரித்தான். “மீனு பத்தியம் இருக்க நாம பத்தியம் இருக்கணுமா? நல்லா இருக்கே வாத்தியாரு சட்டம். தாளிக்காத குழம்ப பதினஞ்சு நாளைக்கு எவன் தின்பான்?”

“அப்ப இத்தன நாளும் பொரி போட்டது தப்பா?” என்று அம்பலம் கேட்டார். குரலில் வருத்தம் இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவரும் போட்டிருக்கிறார். “எங்க கண்ணு முன்னாலதானே நீங்களும் உக்காந்திருந்தீக, தம்பி. அன்னைக்கே சொல்லப்படாதா?”

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தேன். வேட்டியை ஏற்றினேன். கட்டை அவிழ்த்தேன். கொப்புளம் உடைந்திருந்தது. நடுவே வெள்ளை நூல்.

“தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன், பெரியப்பா. தப்புத்தான். எங்கள் வீட்டுக்கு இது வந்ததே இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். சொர்ணம் துணி கட்டி வைத்திருந்தாள். துணி போனது, எனக்கு வந்துவிட்டது. சுவர் வராவிட்டால் எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டேதான் இருக்கும்.”

ஒரு வருஷத்தில் அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. மருது தன் காலில் பழைய தழும்பைத் தடவினான். பிறகு அவனே, “கட்டுங்க அம்பலம். உப்புச்சாறு குடிச்சா செத்தா போயிருவோம்” என்றான்.

புதன்கிழமை காப்புக் கட்டினார்கள். தாளிக்கிற வாசனை இல்லாத தெரு பதினைந்து நாளும் வேறு ஊர் போல இருந்தது. பெண்கள் என்னைப் பார்த்ததும் வாயைப் பொத்தவில்லை. என் காது கேட்கவே திட்டினார்கள். அம்பலத்தின் மனைவி, சொர்ணம் இருந்திருந்தால் இந்தக் கூத்துக்கு என்ன சொல்லியிருப்பாள் என்று என்னைப் பார்த்தே கேட்டாள். அவள் நடப்பதை நடந்து காட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்கள் இரண்டு நாள் படியோரம் வந்து வாயைத் திறந்து பார்த்தன. மூன்றாம் நாள் வரவில்லை. எட்டாம் நாள் எண்ணினோம். பதினேழு. பன்னிரண்டாம் நாள் ஒன்பது. பேராசிரியர் வந்த அன்று நான்கு. அவர் மூன்று குடம் எண்ணிவிட்டு, தாளில் கையெழுத்துப் போட்டார். அம்பலம் அதன் கீழே கைநாட்டு வைத்தார். கல் உடைக்க மருது ஆள் கூட்டி வந்தான். ஆடியில் அடிக்கல் போட்டார்கள். மீனுக்கு இனிமேல் பொரி இல்லை, ஐயனாருக்கு மட்டும்தான் என்று ஊர் தீர்மானம் செய்தது. சில பேர் மறந்து போடுவார்கள். திட்டு வாங்குவார்கள்.

என் புழு பத்தொன்பது நாளில் வந்து முடிந்தது. தினம் காலையில் சம்பந்தம்தான் ஈர்க்குச்சியில் சுற்றினான். அறுந்துவிடக் கூடாது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றுவான். வலி தெரியாமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டிருப்பான். இரண்டாம் நாள் நானே கேட்டேன், சொர்ணத்தைப் பற்றி நோட்டில் எழுதாதது ஏதாவது இருந்தால் சொல் என்று. சொன்னான். ஒவ்வொன்றும் அவன் வாயிலிருந்து வந்தது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மறுநாளும் கேட்டேன்.

புறப்படுகிற அன்று நோட்டை மூட்டையில் வைக்குமுன் என்னிடம் நீட்டினான். அறிக்கையில் என் பெயரைப் போடப் போவதாகச் சொன்னான். வேண்டாம் என்றேன். அவள் பெயரைப் போடு என்றேன். அறிக்கையில் அதற்குப் பத்தி இல்லையே என்று தலையைச் சொறிந்தான். அவன் பொய் சொல்கிறவன் அல்ல.

“பதினாலாம் வீட்டைத் திருத்தணும்டா” என்றான். “நான் செய்யட்டுமா?”

“நான் செய்கிறேன்.”

நோட்டைத் திறந்தேன். அவனுடைய பொடி எழுத்து பக்கம் முழுக்க. பதினைந்தாம் வீட்டுக்கு நேரே அவள் வாக்கியம் அப்படியே இருந்தது. அதன் மேலே என் வீடு. பூஜ்யத்தை அடிக்கவில்லை. அது போன வருஷத்துக் கணக்கு, சரியான கணக்கு. பக்கத்தில் இந்த வருஷம் என்று போட்டு ஒன்று எழுதினேன். குறிப்புப் பத்தி காலியாக இருந்தது. அங்கே எழுதினேன்:

‘போன வைகாசி வரை சொர்ணவல்லி வடிகட்டினாள். பிறகு யாரும் வடிகட்டவில்லை.’

மை காயும் வரை நோட்டை மூடாமல் வைத்திருந்தேன். பஸ் வந்துவிட்டது. சம்பந்தம் கையை நீட்டினான். கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் அந்த இரண்டு வரி மட்டும் என் கையெழுத்து.